ஊர் இழந்த கற்கள்

சென்னை எழும்பூரில் உள்ள அரசினர் பொருட்காட்சிச் சாலைக்கு அந்நகரத்துப் பழைய மக்கள் இட்டு வழங்கிய பெயர் 'செத்த காலேஜ்' என்பது. விலங்குக் காட்சிச் சாலையோ அவர்கட்கு 'உயிர் காலேஜ்'. இப்பெயர்களைக் கேட்டு நகைப்பார் பலர், யாமும் நகைத்தவரே. ஆயினும் இவை வாய்க்கு வந்தவாறு பிறந்தன அல்ல. அச்சாலை 1851ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றபொழுது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டிடத்திலேயே இருந்தது. 1854இல்தான் எழும்பூர்ப் பாந்தியனுக்கு மாறிற்று. முதன்முதல் அதன் பொறுப்பை ஏற்ற பால்ஃபர் என்னும் மருத்துவர் உயிருள்ள விலங்குகள் சிலவற்றையும் அங்கேயே வைத்து வளர்த்தார். கல்லூரி வீட்டில் பிறந்த குழந்தைக்குக் கல்லூரி என்னும் பெயர் நிலைத்துவிட்டது போலும். பாடம் செய்த பறவைகளும் எலும்புக்கூடுகளும் அங்கேயே தங்க, உயிருள்ளவை வேறிடம் புகவே, ஒன்று செத்ததும் மற்றொன்று உயிருள்ளதுமாகப் பிரிந்தன.

உயிருள்ள கல்லூரி ஒன்றிற் பயிலும் யாம், செத்த காலேஜில் ஒருநாட் பயின்ற பாடத்தைப் பற்றி ஈண்டு எழுதத் துணிந்தோம். அச்சாலையின் கூடங்களுக்குள் இருக்கும் செப்புத் திருமேனிகளையும் அமராவதிக் கற்களையும் புகழாதார் இலர். அவற்றைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர்; மாணாக்கராகிய யாம் எழுதிக் கூட்டுவது ஒன்றும் இல்லை. எம் நெஞ்சைப் பற்றிக்கொண்டவை, வெளியே திறந்த முற்றங்களில், வானத்தின்கீழ், மரநிழலில் நிற்கும் கற்சிலைகளே.

யாம் காஞ்சிபுரத்தேம். சென்ற கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை வண்டியேறிச் செங்கற்பட்டு வழியாக எழும்பூர் சேர்ந்தோம். வெள்ளியன்று போகலாமே என்றார் உடன்வந்த தோழர் ஒருவர். வெள்ளிக்கிழமை அச்சாலைக்கு விடுமுறை. காஞ்சியிலோ வெள்ளிதோறும் கோயில்களிற் கூட்டம் நெருக்கித் தள்ளும். கற்களுக்கும் ஊருக்கு ஊர் விடுமுறை வேறுபடும் போலும்!

எம்மொடு வந்தவர் மூவர்: வகுப்புத் தோழர் இருவர், எம் பாட்டனார் ஒருவர். பாட்டனார்க்கு அகவை எழுபத்தாறு. ஐம்பது ஆண்டு குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்தவர். அதனால் முழங்கால்கள் தேய்ந்து, படியேறுதல் அவர்க்கு அரிதாகிவிட்டது. கூடங்களைச் சுற்றிப் பார்க்க மாட்டாமையின், முற்றத்தில் ஒரு மரத்தடியில் அமர்ந்துகொண்டார். யாம் உள்ளே சென்று மீண்டபொழுது அவரை அமர்ந்த இடத்திற் காணோம். சற்றுத் தொலைவில், ஒரு கற்சிலையின் எதிரே கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். காவலர் ஒருவர், "பெரியவரே, பார்க்கலாம், தொடாதீங்க" என்று அன்பாகவே சொல்லிச் சென்றார்.

"தம்பி, எனக்கு எழுபத்தாறு வயசாச்சு. ஒரு சிலைக்கு எதிரே இம்மாம் நேரம் நின்னதில்லை" என்றார் பாட்டனார்.

இச்சொல்லின் பொருளை விளக்குதற்கு எம் குடும்பத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். எம் முன்னோர் நான்கு தலைமுறைக்கு முன் கிறித்து நெறியைத் தழுவினர். கோயில்கள் மலிந்த ஊரிற் பிறந்தும், கோயில்களின் வெளிச்சுவரை அன்றி வேறொன்றும் அறியாது வளர்ந்தவர் எம் வீட்டார். யாவரும் எம்மைத் தடுத்தனர் என்று கூறுதல் பொய்யாகும். சில கோயில்களின் உள்வாயிலிற் பிற சமயத்தார்க்குத் தடை எழுதியிருப்பது உண்மையே. தம் வழிபாட்டிடத்திற்கு ஒரு முறைமை வகுத்துக்கொள்வாரை யாம் குறை கூறவில்லை. ஆயின் தடை எழுதாத இடங்களுக்கும் எம்மவர் போனதில்லை. உருவங்களை வணங்கலாகாது என்ற கட்டளையை, உருவங்களைப் பார்க்கலாகாது என்று எம் பாட்டியார் விரித்துக்கொண்டார். தேர் வரும் நாளிற் கதவைச் சாத்திக்கொள்வார். இதில் வெறுப்பு இல்லை, அச்சமே இருந்தது.

இதனுள் ஒரு விந்தையும் உண்டு. கதவைச் சாத்திய அவ்வீட்டினுள், தறியின்மேல், பாட்டனார் நெய்துகொண்டிருந்தவை யாவை? யாளி, மயில், அன்னம், இருதலைப்பட்சி, கோபுரக்கரை. காஞ்சிப் பட்டின் கரையில் ஏறும் உருவங்களிற் பல கோயிற் கல்லிலும் உள்ளவை. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோர்வை போட்டு நெய்யும்பொழுது, இரு நிறமும் சேரும் இடத்தில் ஒரு நூல் பிசகினும் சேலை கெடும். அத்துணைக் கூர்மையான கண்ணை வைத்துக்கொண்டு பாட்டனார் ஆயிரக்கணக்கான யாளிகளைச் சரிகையிற் படைத்தார். கல் யாளி ஒன்றையேனும் அவர் கண்டதில்லை.

கண்ணாற் காண்பதும் கைகூப்புவதும் ஒன்றல்ல என்பதற்கு எம் மறைநூலிலேயே சான்று உண்டு. அப்போஸ்தலனாகிய பவுல் அத்தேனே நகரத்திற் புகுந்தபொழுது, அந்நகரத்தார் வணங்கிய பொருள்களைச் சுற்றிப் பார்த்தார் என்பதும், ஒரு பலிபீடத்தின்மேல் எழுதியிருந்ததைப் படித்தார் என்பதும் அப்போஸ்தலர் நடபடிகளிற் காணப்படும். நின்று பார்த்து, எழுத்தையும் படித்ததனாலன்றோ அவர் அந்நகரத்தாரோடு அவர்க்கு விளங்குமாறு பேச முடிந்தது? இதனைப் பாட்டியாரிடம் கூறத் துணிவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

நிற்க. திறந்த வெளியிற் சிற்பங்களை நிறுத்திக் காட்டும் வழக்கம் மேல்நாட்டிற் பெரிதும் போற்றப்படுகின்றது. நியூயார்க்கு நகரத்துப் புதுக்கலைக் காட்சிச் சாலையின் சிற்பத் தோட்டம் 1953இல் அமைக்கப்பெற்றது. ரொதேன் வடித்த பால்சாக்கின் உருவம் அங்கு நின்றதுண்டு. அவ்வகைத் தோட்டங்களில் உள்ள சிலைகளிற் பல, பொதுவிடத்திற் பலர் காண நிற்றற்கென்றே வடிக்கப்பட்டவை. நம் நாட்டுக் காட்சிச் சாலை முற்றங்களில் நிற்பவற்றின் வரலாறு வேறு. இவை ஒரு கோயிலின் மாடத்திலோ, ஏரிக்கரையிலோ, வீரன் வீழ்ந்த வெளியிலோ நின்றவை. அவற்றிற்கென ஓர் ஊரும், ஒரு திசையும், எதிரே நின்று பார்க்கும் ஒரு கூட்டமும் இருந்தன. மேல்நாட்டுத் தோட்டத்துச் சிலையை, 'உன்னை வடித்தவர் யார்?' என்று வினவுகின்றோம். நம் முற்றத்துச் சிலையை வினவவேண்டுவது 'உன் ஊர் எது?' என்பதே.

அற்றாயின், ஊரிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்ததே பிழையன்றோ எனலாம். உடன்வந்த தோழருள் ஒருவர் இக்கொள்கையினர். பூவும் எண்ணெயும் விளக்கும் பெற்று வாழ்ந்த உருவத்தை வெயிலில் நிறுத்தி எண் இடுவது, முதியோரை வீட்டினின்று அகற்றி மருத்துவமனை வாயிலில் விடுவதை ஒக்கும் என்றார் அவர். அவர் சைவர், அவர் உள்ளத்தின் நோவு எமக்கு விளங்காமலில்லை. ஆயினும் அவர் கூற்றை முழுதும் ஒப்ப எம்மால் இயலவில்லை. காரணம் இரண்டு.

முதலாவது, கோயிலில் இருந்த நாளில் அச்சிலைகளைக் கண்டவர் எத்துணைப் பேர்? தமிழ் மக்களுள் பெரும்பகுதியார் தம் ஊர்க் கோயிலினுட் புகவும் இயலாதிருந்த காலம் நெடிது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939இல். சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது 1947இல். எழும்பூர் முற்றத்திலோ வருவாரைச் சாதி வினவி வாயிலில் நிறுத்தியதாக யாம் எங்கும் படித்ததில்லை. காணும் பொங்கலன்று அங்குத் திரளும் கூட்டத்தைக் கண்டவர்க்கு யாம் கூறுவது விளங்கும். கட்டுச்சோற்று மூட்டையோடு வரும் உழவரும், குழந்தையைத் தோளிற் சுமந்த தொழிலாளரும், முக்காடிட்ட இசுலாமியப் பெண்டிரும் ஒரே சிலையின் முன் ஒருங்கு நிற்பர். எம் பாட்டனார் எழுபத்தாறாம் அகவையில் முதன்முதலாக ஒரு சிலையை நெடுநேரம் நோக்கியதும் அத்தகைய இடத்திலேயே நிகழ்ந்தது. அவரை அச்சுறுத்தும் ஒன்றும் அங்கு இல்லை.

இரண்டாவது காரணத்திற்கு எம் ஊரையே சான்றாகக் கொள்வோம். காஞ்சி ஒருகாற் பௌத்தர்க்கும் சமணர்க்கும் உறைவிடமாக இருந்தது. மணிமேகலை தவத்திறம் பூண்டு அறம் கேட்டது காஞ்சியில் என்பதனைத் தமிழ் பயிலும் எவரும் அறிவர். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் என்னும் சீன யாத்திரிகர், நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளும் பதினாயிரம் துறவிகளும் அங்கு இருந்தமை குறித்துள்ளார். அத்துணைப் பள்ளிகளிலும் இருந்த உருவங்கள் எங்கே? 1915ஆம் ஆண்டில் து. அ. கோபிநாத ராவ் என்னும் ஆராய்ச்சியாளர் காஞ்சியைச் சுற்றிப் பார்த்து, காமாட்சியம்மன் கோயிலிலும் பிற இடங்களிலும் தாம் கண்ட புத்தர் உருவங்களைப் பற்றி 'இந்தியன் ஆண்டிகுவரி' என்னும் இதழில் எழுதினார். அவற்றுள் ஆளுயரத்தினும் மிக்கதாய் நின்ற கோலத்தில் உள்ள ஒன்று பின்னர் எழும்பூர்க் காட்சிச் சாலையைச் சேர்ந்தது. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' என்னும் நூலிலும் காஞ்சிப் பௌத்தச் சின்னங்களைப் பற்றிய செய்திகள் உண்டு. ஆகவே, அந்தப் புத்தர் இடம் பெயர்ந்தாரேயன்றி ஊரை இழக்கவில்லை. எங்கே நின்றார், யார் கண்டார், எந்த ஆண்டிற் கண்டார் என்பன எழுத்தில் உள்ளன. காஞ்சிபுரம் என்னும் பெயரை அவ்விடத்திற் படித்த பாட்டனார், "நம்மூர்க்காரர்!" என்று உரக்கக் கூறிவிட்டார். அருகில் நின்ற பள்ளிச் சிறுவர் திரும்பிப் பார்த்து நகைத்தனர்.

இனி, ஊர் இழந்தவற்றைப் பற்றிக் கூறுவோம். பத்தாம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் யோகினி உருவங்கள் சில காஞ்சிப் பகுதியினின்று போயின. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் வாயிலாக 1920களில் அவற்றிற் பல பாரிசு நகரத்துக் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூ என்பாரை அடைந்தன. அவர் வழியே அவை உலகெங்கும் சிதறின. இன்று வாசிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிசு, கான்சாசு நகரம், டொராண்டோ, இலண்டன், பாரிசு என்னும் நகரங்களின் காட்சிச் சாலைகளில் ஒவ்வொரு யோகினி தனித்தனியே வீற்றிருக்கின்றாள். ஒரே உளியின் மரபில் ஒரே வட்டத்தில் அமர்ந்திருந்த உடன்பிறந்தார், கடல்களுக்கு அப்பால் ஒருவரையொருவர் காணாது இருக்கின்றனர். பத்மா கைமல் என்னும் பேராசிரியர் இவற்றைத் தேடித் தொகுத்து 2012இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அத்துணை உழைப்பிற்குப் பின்னரும், இவை வீற்றிருந்த கோயில் எந்த ஊரில் எந்த இடத்தில் இருந்தது என்பது துணியப்படவில்லை. என்னை? பெயர்த்த அன்று அவ்விடத்தை எவரும் தெளிவுற எழுதி வைத்திலர். நாளை அந்நகரங்கள் யாவும் ஒரு மனப்பட்டு, 'உங்கள் யோகினிகளைக் கொண்டு போங்கள்' என்று வாயிலைத் திறந்துவிடினும், நாம் அவர்களை எந்த ஊரில் இறக்குவது?

இதற்கு மறுதலையான ஒன்றும் கூறுவோம். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவு போய், ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரத்துக் கலைக்கூடம் ஒன்றால் 2004இல் விலைக்கு வாங்கப்பட்டிருந்தது. 2014இல் அது இந்தியாவிற்கு மீண்டது. அவ்வாண்டிலேயே சிறீபுரந்தான் நடராசரும் கான்பெராவினின்று மீண்டார். இவ்விரண்டும் மீண்டமைக்குத் துணைநின்றவை, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் கோயில் கோயிலாகச் சென்று எடுத்து வைத்த புகைப்படங்கள். எடுத்தவர்க்குத் திருட்டைப் பிடிக்கும் எண்ணம் இருந்திராது. இன்ன கோயிலில் இன்ன மாடத்தில் இன்ன உருவம் இருக்கின்றது என்று பதிந்து வைத்தனர், அவ்வளவே. அந்தப் படமே வழக்கில் ஊர்ச்சான்று ஆயிற்று.

ஆதலின் எம் துணிபு இது: கல்லைப் பெயர்த்ததனால் மட்டும் அது ஊரை இழந்துவிடாது, அது நின்ற இடத்தை எவரும் எழுதாது விட்ட நாளிலேயே இழக்கின்றது. ஊரிலேயே கிடந்து ஊரை இழந்த கல்லும் உண்டு. அதற்கு யாமே குற்றவாளியாக நின்று சான்று கூறவேண்டியுள்ளது.

எம் தெருவின் கடைக்கோடியில், தெருவிளக்குக் கம்பத்தின் அண்டையில், ஒரு கல் இருந்தது. இடுப்புயரம். தலை இல்லை. கால்களை மடித்து அமர்ந்து, இரு கைகளையும் மடிமீது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உருவம். 'சாமியார் கல்' என்பது தெருவார் இட்ட பெயர். எவரும் அதனை வணங்கியதில்லை. எவரும் இகழ்ந்ததும் இல்லை. அதிகாலையில் நெசவாளர் தெருவிற் பாவு நீட்டும்பொழுது, ஒருபுறத்துக் கயிற்றை அக்கல்லின் இடையிற் சுற்றிக் கட்டுவர். பன்னெடுங்காலம் கட்டியதனால் இடையில் வழவழப்பான தடம் ஒன்று விழுந்திருந்தது. சிறுவராகிய யாம் அதன் மடியில் அமர்ந்து புளியங்கொட்டை ஆடியிருக்கின்றோம். அதன் கைகளுக்கிடையே இருந்த பள்ளம் கொட்டைகளைப் போட்டு வைத்தற்கு மிக வாய்ப்பானது!

யாம் ஒன்பதாம் வகுப்பிற் படித்தபொழுது தெருவில் வடிகால் தோண்டினர். ஒருநாட் பள்ளியிலிருந்து மீண்டபொழுது கல்லைக் காணோம். எங்கே என்று எவரையும் யாம் வினவவில்லை. மண்ணோடு மண்ணாக வண்டியில் ஏற்றினர் என்றார் சிலர். உடைத்து வடிகாலின் அடியில் இட்டனர் என்றார் சிலர். ஒருவர் வந்து விலை பேசிக் கொண்டுபோனார் என்றும் ஒரு பேச்சு இருந்தது. ஓரிரு கிழமைகளிற் பேச்சும் ஓய்ந்தது. பாவு கட்டுதற்கு ஓர் இரும்புக் கம்பம் நட்டுக்கொண்டனர்.

எழும்பூரில் அமர்ந்த கோலத்துப் புத்தர் உருவம் ஒன்றைக் கண்டதும் எம் உடல் நடுங்கிற்று. மடித்த கால்கள், மடிமீது வைத்த கைகள், கைகளுக்கிடையே அதே பள்ளம். புளியங்கொட்டை வைத்த பள்ளம்! எம் தெருக்கல்லும் புத்தரே என்று யாம் அடித்துக் கூறவில்லை. அருகன் உருவங்களும் அவ்வாறு அமர்வதுண்டு. காஞ்சியையடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் இன்றும் சமணர் கோயில் நின்று வழிபாடு பெறுகின்றதன்றோ? புத்தரோ அருகரோ, அதனை அறிந்து கூறத்தக்க ஒருவர் ஒருமுறை வந்து பார்த்திருப்பின் தெளிவாகியிருக்கும். பார்க்குமாறு எவரையும் அழைத்தவர் இலர். காட்சிச் சாலையார் எம் தெருக்கல்லை என்றோ கொண்டுபோயிருந்தால், இன்று அது காஞ்சிபுரம் என்னும் பெயரைத் தாங்கி மரநிழலில் நின்றிருக்கும். சிறுவர் அதன் மடியில் அமராதபடி ஒரு காவலரும் இருந்திருப்பார். 'எம் ஊர்க் கல்லைப் பறித்துக்கொண்டனர்' என்று யாமும் ஒரு கட்டுரை எழுதியிருப்போம்!

தோழர் மற்றொருவர் (இவர் எம் திருச்சபையினர்) வேறொரு கருத்தைக் கூறினார். பிறர் கடவுளரின் சிலைகளைக் காப்பது நம் வேலையோ என்பது அவர் வினா. அவர்க்கு யாம் கூறிய விடை சுருக்கமானது. வழிபாடு அவரவர்க்கு உரியது. ஊரோ அனைவர்க்கும் உரியது. எம் பாட்டனார் காலமெல்லாம் நெய்த யாளி எந்தச் சபைப் பதிவேட்டிலும் சேர்ந்ததன்று. அது காஞ்சியிலிருந்து அவர்க்குக் கிடைத்தது.

இந்நிலையில் நம் கல்லூரித் தமிழ்க் கழகத்தார்க்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்கின்றோம். ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி நடத்துகின்றோம், நன்று. சிலப்பதிகாரத்து நடுகல்லைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதுகின்றோம், அதுவும் நன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஏரிக்கரையிலோ வயல்வரப்பிலோ கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரே ஒரு கல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரலாகாதா? கைப்பேசி இல்லாத மாணவர் இன்று இல்லை. நான்கு புறத்தும் படம் எடுத்து, முழக்கோலால் உயரம் அளந்து, அது நோக்கும் திசையையும், அண்டையில் உள்ள அசையாப் பொருளினின்று அதன் தொலைவையும், ஊர் முதியோர் அதற்கு இட்டு வழங்கும் பெயரையும் குறித்து வந்தாற் போதும். கல்லைக் கழுவவேண்டா, எண்ணெய் பூசவேண்டா, சுண்ணம் தடவி எழுத்தைப் படிக்க முயலவும் வேண்டா. குறிப்பின் படி ஒன்றை மாநிலத் தொல்லியல் துறையினர்க்கு அனுப்பி, மற்றொன்றை நம் நூல்நிலையத்தில் வைக்கலாம். மண்ணிற் புதைந்த பொருள் வெளிப்படின் அதனை ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்னும் சட்டம் 1878ஆம் ஆண்டு முதற்கொண்டே உள்ளது. பழம்பொருட் காப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. சட்டங்களுக்குக் குறைவில்லை. வடிகால் தோண்டும் நாளில், 'ஐயா, நிறுத்துங்கள். இக்கல் பதிவில் உள்ளது' என்று ஒரு தாளை நீட்டுதற்கு ஓர் ஆள் இல்லாமையே குறை.

எழும்பூரிலிருந்து மீண்ட மறுகிழமை, பாட்டனார் தாமாகவே, "அந்தக் கயிலாசநாதர் கோயிலைப் பார்க்கலாமா?" என்றார். எம் வீட்டினின்று அது நடந்துபோகும் தொலைவே. பிள்ளையார்பாளையத்துத் தறியோசையைக் கடந்து சென்றோம். கோயிலுக்கு எதிரே புல்வெளியில் தனித்து அமர்ந்திருந்த நந்தியைக் கண்டதும், "இதுவும் எழும்பூர் மாதிரியே இருக்கே" என்றார். உண்மையே; அவர் கண்ணுக்கு அதுவும் ஒரு சிற்பத் தோட்டம். வேறுபாடு ஒன்றே: கி. பி. 700ஐ ஒட்டி இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த அவ்விடத்திற் பெரும்பாலான சிற்பங்கள் வடித்த இடத்திலேயே நிற்கின்றன. திருச்சுற்றில் வரிசையாக ஐம்பத்தெட்டுச் சிறு கோயில்கள். முன்புறத்துச் சிறு கோயில் ஒன்றில் அரசி அரங்கபதாகையின் கல்வெட்டு. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். பதின்மூன்று நூற்றாண்டு மழைக்கும் காற்றுக்கும் மணற்கல் எவ்வாறு தாங்கும்? முகங்கள் பல கரைந்துள்ளன. பின்வந்தோர் சுண்ணச்சாந்து பூசிய இடங்களில் வேறு முகங்கள் வந்துள்ளன. சொந்த ஊரில் சொந்த இடத்தில் நிற்பதும் கல்லுக்குத் துன்பமற்ற வாழ்வன்று என்பதை ஆங்கே கண்டோம்.

கருவறைப் பக்கம் பாட்டனார் செல்லவில்லை. திருச்சுற்றிலேயே நடந்தார். மூலைதோறும் பின்கால்களில் எழுந்து நிற்கும் யாளிகளை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். ஓரிடத்திற் குனிந்து, சரிகைக் கரையைப் பார்ப்பார்போலக் கண்ணைச் சுருக்கினார்.

"நாங்க நெய்யறதுல வாலு மேலே சுருண்டிருக்கும் தம்பி. இதுல வேற மாதிரி வச்சிருக்கான். இழை பத்தலைன்னு எங்கப்பாதான் சுருட்டிட்டார் போல" என்றார்.

வீடு திரும்பும் வழியிற் சாமியார் கல்லைப் பற்றிக் கேட்டோம். அது இருந்ததற்கு எழுத்தும் படமும் ஒன்றும் இல்லை என்றே எண்ணியிருந்தோம். பாட்டனார் வீட்டுக்குள் நுழைந்ததும் தகரப்பெட்டியைத் திறந்து, எம் அத்தையின் திருமணப் படங்களுள் ஒன்றை எடுத்து நீட்டினார். மணமக்கள் காரினின்று இறங்குகின்றனர். படத்தின் இடது ஓரத்தில், குடை பிடித்தவர் காலடியில், கல்லின் ஒரு முழங்காலும் இடையிற் சுற்றிய பாவுக் கயிறும் தெரிகின்றன. பாட்டனார் தெருவிற்கு இறங்கி, இரும்புக் கம்பத்தைப் பொருட்படுத்தாது, விளக்குக் கம்பத்தினின்று கைத்தடியால் அளந்துகொண்டு கிழக்கே நடந்தார். "மூணே முக்கால் முழம். முகம் வடக்கே" என்று நின்றார். யாம் தாளில் குறித்துக்கொண்டோம்.